அவசியத்துக்குப் போகலாம்

"அவ இத்தாவுல இருக்காப்பா. இத்தான்னா இன்னான்னு தெரியுமா? அதெல்லாம் வரமாட்டா. வையி" என்று சொல்லிவிட்டு மெகருன்னிசா கைப்பேசியை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அது அவளுடையது இல்லை. மருமகள் மாஹிராவுடையது. இத்தா இருக்கிற பெண் அந்நிய ஆணின் குரலைக் கேட்கக்கூடாது என்று தெருவில் யாரோ சொல்லப்போக, மகன் மௌத்தாகி அடக்கமான வாரத்திலிருந்தே அது மாமியாரின் இடுப்பில்தான் குடியிருந்தது.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாஹிராவுக்கு மணி அடித்தது கேட்டது. மாமி பேசியதும் கேட்டது. எதிர்முனையில் யார் என்பது மட்டும் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது. அவளைத் தேடிக் கூப்பிட இந்த ஊரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம்தான்.

"யாரு மாமி?"

"காலேஜாம். எவனோ ஆம்பள. நீ ஏன் எழுந்து வர்ற? உள்ள போ."

"இன்னா சொன்னாங்க?"

"நேர்ல வரணுமாம். புள்ளய மண்ணுல வெச்ச ஈரம் காயல, காலேஜு கேக்குது காலேஜு" என்றாள் மெகருன்னிசா. சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்றவள் அல்லவா? அதைப் பார்த்த மாஹிரா மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, மறுமணப் பேச்சு கூடாது. அதுதான் இத்தா. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். மார்க்கம் கொடுத்தது ஒரு முழம் என்றால் தெரு அதோடு ஒன்பது முழம் ஒட்டுப் போட்டுத் தைத்து வைத்திருந்தது. வெள்ளைச் சேலை கட்டு என்றது. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை என்றது. ஜன்னலைச் சாத்து, சிரிக்காதே, வாசல் படியில் நிழல் விழ விடாதே என்றது. எதைக் கேட்டாலும் "பெரியவங்க அப்பிடித்தான் இருந்தாங்க" என்று பதில் வரும். எந்தப் பெரியவர், எப்போது என்று கேட்டால் அதற்குப் பதில் வராது, முறைப்புதான் வரும்.

மாஹிராவின் ஊர் திருக்கோவிலூர். அங்கிருந்து தினமும் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். இரண்டு வருஷம் முடித்தவள். நாலு செமஸ்டர், ஒரு அரியர் கிடையாது. பெண் பார்க்க வந்தபோது, "மூணாம் வருசம் எங்க ஊர்லயே படிக்கட்டும், நாங்க சேத்து வுடறோம்" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் மாமனார் அக்பர் அலியே. சொல்வதில் அவர் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

கல்லூரி மாறுவது பள்ளிக்கூடம் மாறுவது மாதிரி இல்லை என்பது நிக்காஹ் முடிந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. விழுப்புரம் கல்லூரி தன்னாட்சி. அதன் பாடத்திட்டம் அதற்கு. இங்கே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம். அங்கே தேறிய ஒவ்வொரு தாளும் இங்கே எந்தத் தாளுக்குச் சமம் என்று பல்கலைக்கழகம் ஒப்பிட்டுப் பார்த்து ஆணை கொடுத்தால்தான் மூன்றாம் வருஷ வகுப்பில் உட்காரலாம். இல்லையென்றால் தேறியதெல்லாம் தேறாததுதான். பதினேழு வயசுப் பிள்ளைகளோடு முதல் வருஷத்து பெஞ்சில் போய் உட்கார வேண்டியதுதான்.

அந்த ஆணைக்காக அலைந்தவன் வசீம். அக்பர் அலிக்குப் புளி, கடுக்காய் மண்டி. கல்வராயன் மலையிலிருந்து சரக்கு வரும். மூத்த மகன் வசீம் வாரம் இரண்டு முறை வெள்ளிமலைக்கு பைக்கில் போய்ச் சரக்கு பார்த்துவிட்டு வருவான். மற்ற நாட்களில் பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடையாய் நடந்தான். பாடத்திட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் துறைத்தலைவரின் முத்திரை வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் புரட்டி நீட்டியவன், "நான் படிச்சப்போ கூட இத்தினி பக்கம் பொரட்டல மேடம்" என்று சொல்லி அந்தக் கடுகடுத்த அம்மாளையே சிரிக்க வைத்துவிட்டான். ஒரு வருஷம் கோப்பு மேஜைக்கு மேஜை ஊர்ந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும் முன்னால், மலையிலிருந்து இறங்கி வந்தவனைக் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது.

அவனை நினைத்தால் மாஹிராவுக்கு அழுகை வந்தது. அந்த ஆணையை நினைத்தால் பயம் வந்தது. இரண்டும் ஒன்றாக வருகிறபோது, நானெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் திட்டி முடித்ததும் பயம் மறுபடி வந்தது.

மதியம் கைப்பேசி மறுபடி அடித்தது. அந்த ஆள் விடாக்கண்டனாக இருந்தார். மெகருன்னிசா சலித்துக்கொண்டே திரையை விலக்கி, ஒலிபெருக்கியைப் போட்டு, கையில் பிடித்தபடியே நீட்டினாள். கல்லூரி அலுவலகத்து எழுத்தர் தெய்வசிகாமணி. முதலில் வசீமின் சாவுக்கு வருத்தம் சொன்னார். தம்பி வந்தால் ஆபீசே கலகலன்னு இருக்கும் என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"நாலு செமஸ்டரையும் ஒத்துக்கினாங்கம்மா. ஒரே ஒரு தாள் மட்டும் கூடுதலா எழுதணும். நீ ஒரிஜினலோட நேர்ல வந்து பிரின்சிபால் முன்னாடி கையெழுத்துப் போடணும். புதன்கெழமைதான் கடைசி. அது தாண்டிச்சின்னா அடுத்த வருசம். அடுத்த வருசம் பாடத்திட்டமே மாறுது. அப்ப இந்த ஆர்டரு செல்லாது, மொதல் வருசத்துலேர்ந்துதான் வரணும்."

வேறு யாராவது வந்து போட முடியாதா என்று மாஹிரா கேட்டாள். முடியாதாம். அவர் குரலிலேயே சங்கடம் தெரிந்தது. மெகருன்னிசா கைப்பேசியை அணைத்து, பழைய இடத்திலேயே செருகிக்கொண்டாள்.

அக்பர் அலி சாப்பிட வந்தபோது மாஹிரா திரையோரம் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே ஒரு மணி நேரம், மாமி கூட வரட்டும், புர்கா போட்டுக்கொண்டு போய் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அக்பர் அலி கெட்ட மனுஷர் இல்லை. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவரிடம் உள்ள சிக்கலே அதுதான். கத்துகிற மனுஷனோடாவது சண்டை போடலாம். இவர் எதற்கும் 'ஆவட்டும்' என்பார், அது ஆகவே ஆகாது.

"படிப்பு எங்கம்மா ஓடிப்போவுது? ஆவட்டும், பாக்கலாம்."

"புதன்கெழமைக்கு மேல ஆவாது மாமா. பள்ளிவாசல் ஹஜ்ரத்தை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"இதுக்கெல்லாம் போயி ஹஜ்ரத்தைக் கேக்கறதா? தெரு இன்னா சொல்லும்? கம்முனு இரும்மா" என்றார், கையைக் கழுவிக்கொண்டே.

திருக்கோவிலூரில் இருக்கும் தகப்பனாரிடம், அவளுடைய அத்தாவிடம், பேச வேண்டும் என்று கெஞ்சி, மாமியின் கையிலிருந்த கைப்பேசியிலேயே பேசினாள். ஒலிபெருக்கியில் தன் பேச்சை யாரெல்லாம் கேட்கிறார்கள் என்று அத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அவங்க சொல்றபடி கேட்டு நட, இத்தா முடியட்டும், அப்பாலிக்கி வந்து கூட்டிக்கினு போறேன் என்றார். கூட்டிக்கொண்டு போய்? அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். இருபத்தோரு வயசில் ஒரு கைம்பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு பிள்ளை உள்ள எவனுக்காவது இரண்டாம் தாரமாகப் பேசுவார்கள். முதல் வருஷத்திலிருந்து படிக்க வைக்கவா போகிறார்கள்? கையில் பட்டம் என்று ஒன்று இருந்தால்தான் அவள் பேச்சு கொஞ்சமாவது எடுபடும். இந்த வீட்டுக் கதவு உள்ளிருந்து திறக்காது, அந்த வீட்டுக் கதவு வெளியிலிருந்து திறக்காது. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

இதற்குள் மண்டியில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. வசீமுக்காக மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதிய அன்று பள்ளிவாசலில் யாரோ, லாரிக்காரன் மேல் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கலாமே என்று அக்பர் அலியிடம் சொன்னார்கள். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எம் புள்ள உசுருக்கு ரேட்டு பேச நான் கோர்ட்டு ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கூட்டமே கண் கலங்கியது. இப்படி ஒரு தகப்பனா என்று ஜமாத்தில் பல நாள் பேச்சு. அந்தப் பேச்சு அக்பர் அலிக்குப் பிடித்திருந்தது. ஆனால் வக்கீல் வெங்கடேசன் மண்டிக்கு வந்து ஒருநாள், இழப்பீடு எவ்வளவு வரும் என்று நிதானமாகப் பேசியதும் அவருக்குப் பிடித்திருந்தது. என்ன செய்வார் பாவம், பிடித்ததெல்லாம் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டது.

வழக்குப் போட மனைவிதான் முதல் மனுதாரர். நோட்டரி முன்னால் அவள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வழக்குப் போட இன்னும் காலம் இருந்தது. இத்தா முடிந்த பிறகு போட்டாலும் போதும். ஆனால் இத்தா முடிந்தால் பெண்ணைப் பெற்றவர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவளோடு அவள் கையெழுத்தும் போய்விடும். இதை மெகருன்னிசாதான் புருஷனுக்கு எடுத்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அக்பர் அலி ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார். டீயும் சமோசாவும் வந்தன. வெளியூரில் மார்க்கம் ஓதிவிட்டுச் சில வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளிவாசலுக்கு இமாமாக வந்தவர் ஹஜ்ரத். அதிகம் பேசமாட்டார், கேட்டதற்குப் பதில் சொல்வார். திரைக்குப் பின்னால் மாஹிரா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்பர் அலி வியாபாரம், மழை, மலைச்சரக்கு என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"இத்தாவுல இருக்கற பொண்ணு, ஒரு அவசியம்னு வந்தா, வெளிய போலாங்களா?"

"இன்னா அவசியம்?"

அக்பர் அலி டம்ளரைப் பார்த்தார். வழக்கு என்று சொன்னால் பள்ளிவாசலில் பேசியது என்னாவது? "சும்மா பொதுவாத்தான் கேக்கறேங்க. நாளைக்கி ஒண்ணு வந்துதுன்னா தெரிஞ்சிக்கணும் பாருங்க" என்றார்.

"அவசியம்னா பகல்ல போலாம்" என்றார் ஹஜ்ரத். "வேலய முடிச்சிக்கினு பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும். ராத்திரி வூட்லதான் தங்கணும். மார்க்கம் யாரையும் அடைச்சிப் போடச் சொல்லல."

மாஹிராவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாமா கேட்டுவிட்டார்! இதுக்கெல்லாம் போய்க் கேட்பதா என்றவர், அவளுக்காகக் கேட்டேவிட்டார். நல்ல மனுஷரை என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலையில் பத்து மணிக்குத் தயாராக இருக்கச் சொல் என்று அவர் மெகருன்னிசாவிடம் சொன்னதும் காதில் விழுந்தது. மாஹிரா பெட்டியைத் திறந்து மதிப்பெண் சான்றுகள், மாற்றுச் சான்று எல்லாவற்றையும் எடுத்து, வசீம் வாங்கிக் கொடுத்த நீலப் பையில் அடுக்கினாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள். மெகருன்னிசா அதையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

மறுநாள் ஜன்னலுக்குத் துணி கட்டிய வாடகைக் கார் வாசலில் நின்றது. முன்னால் மாமனார், பின்னால் மாமியாரும் மருமகளும். துணியின் ஓரத்தில் விரலளவு இடைவெளி. அதன் வழியே பஸ் நிலையம், பூக்கடை, கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் எல்லாம் ஓடின. ஊர் அப்படியேதான் இருந்தது. தான் இல்லாமல் ஒன்றும் நின்றுவிடவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கல்லூரிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கார் திரும்பாமல் நேரே போனது.

"மாமா, காலேஜு அந்தப் பக்கம்."

"காலேஜா? இன்னா காலேஜு?" என்றார் அக்பர் அலி, நிஜமாகவே புரியாமல். "கோர்ட்டாண்ட வக்கீலு ஆபீசும்மா. ஒரு கையெழுத்து. போட்டுட்டு வூட்டுக்குப் போயிடலாம்."

புர்காவுக்குள் மாஹிராவின் முகம் எப்படி ஆனது என்று யாருக்கும் தெரியாது. நீலப் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காக அல்ல, அவள் கையெழுத்துக்காகத்தான் ஹஜ்ரத்துக்கு டீயும் சமோசாவும் வந்திருக்கின்றன.

வக்கீல் வெங்கடேசன் நல்ல வார்த்தை சொல்லி உட்கார வைத்தார். பக்கம் பக்கமாக அடையாளம் போட்டு வைத்திருந்தார். பேனாவைத் திறந்து நீட்டினார்.

"இதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளா சார்?" என்று மாஹிரா கேட்டாள்.

"அப்பிடில்லாம் இல்லம்மா. டைம் இருக்கு. சீக்கிரம் போட்டா நல்லதுன்னுதான்" என்றார் வக்கீல், கள்ளமில்லாமல்.

காத்திருக்க முடிந்த காரியத்துக்கு ஹஜ்ரத், கார், ஜன்னல் துணி எல்லாம் கிடைத்துவிட்டன. நாளையோடு முடிந்துபோகிற காரியத்துக்குக் 'கம்முனு இரு' கிடைத்தது. மாஹிரா பேனாவை வாங்கினாள். அதன் மூடியை எடுத்து மூடினாள். மேஜை மேல் வைத்தாள்.

"காலேஜுக்குப் போயிட்டு வந்து போடறேன் மாமா."

அக்பர் அலி அவளை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். மெகருன்னிசா, "இன்னாடி இது, இடம் பொருள் தெரியாம" என்று பல்லைக் கடித்தாள். மாஹிரா மூடிய பேனாவைத் தொடவில்லை.

"அவசியம்னா பகல்ல போலாம்னு ஹஜ்ரத் சொன்னாங்க. இந்த அவசியத்துக்குப் போலாம், அந்த அவசியத்துக்குப் போவக்கூடாதுன்னு சொல்லல. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அக்பர் அலி வக்கீலைப் பார்த்தார். முதல் மனுதாரர் அவங்கதான், அவங்க போடாமல் ஒன்றும் நடக்காது, நோட்டரியோ மதியத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று வக்கீல் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். அந்த மனுஷன் உதட்டோரம் சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

கார் திரும்பியது. வழியெல்லாம் மெகருன்னிசா தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். கல்லூரி அலுவலகத்தில் தெய்வசிகாமணி வெள்ளைச் சேலை விளிம்பு தெரிய நின்ற பெண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சான்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முதல் செமஸ்டர், இரண்டாம் செமஸ்டர் என்று அவர் வாசித்துக்கொண்டே போக, பஸ்ஸில் நின்றபடி படித்த காலைகளும், மழையில் நனைந்து போய் எழுதிய பரீட்சையும் மாஹிராவுக்கு நினைவு வந்தன. அதெல்லாம் போகவில்லை, இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுப் படிப்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. முதல்வர் முன்னால் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் ஆண்டுப் பதிவில் அவள் பெயர் ஏறியது. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது, வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று தெய்வசிகாமணி எச்சரித்தார். கூடுதலாக எழுத வேண்டிய தாளின் பாடத்திட்டத்தையும் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் மாஹிரா கையெழுத்துப் போட்டாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் செய்தி அவர்களுக்கு முன்னால் வந்திருந்தது. எதிர்வீட்டு ஜைத்தூன் மாமியின் பேத்தி அதே கல்லூரியில் படிக்கிறாள். அவள் கண்ணில் பட்டதுதான் வினை. ஜைத்தூன் மாமி இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். தெருவில் யார் வீட்டில் மய்யித்து விழுந்தாலும், யார் இத்தா இருந்தாலும், சட்டம் சொல்கிற ஆள் அவள்தான். எங்கே ஓதினாள் என்று யாரும் கேட்டதில்லை.

"இத்தாவை முறிச்சிட்டாளே மெகரு. பாதி இத்தாவுல படி தாண்டலாமா? இதுவரைக்கும் இருந்த நாளெல்லாம் வீணாப் போச்சி. இனிமே மொதல்லேர்ந்து இருக்கணும்."

கூட வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மெகருன்னிசாவும் தலையை ஆட்டினாள். முதலிலிருந்து என்றால் ஐந்தாவது செமஸ்டர் பரீட்சையே வந்து போய்விடும். பிறந்த வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போவதும் தள்ளிப்போகும். மருமகள் கையெழுத்து வேண்டியபோதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அக்பர் அலி நாற்காலியில் உட்கார்ந்து, "ஆவட்டும்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

திரைக்குப் பின்னால் மாஹிரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில்தான் ஓர் இடத்தில் இரண்டு வருஷத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்த வெளிச்சத்தோடு வந்தால் இங்கே அவள் அழுதபடி உட்கார்ந்த நாட்களை எல்லாம் செல்லாது என்கிறார்கள். இந்த நாலு சுவருக்குள், திருப்பி வைத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வசீமை நினைத்து நினைத்து இருந்தாளே, அது யாருடைய கணக்கில் போய்ச் சேரும்? அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஹஜ்ரத்தையே கேட்டுடலாம் மாமா. இருந்த நாளு செல்லுமா செல்லாதான்னு அவங்களே சொல்லட்டும். ஆனா இந்தத் தடவ பொதுவா கேக்க வேணாம். காலைல எங்கெங்க போனோம், எதுக்குப் போனோம்னு ஒவ்வொரு எடமா சொல்லிக் கேளுங்க."

ஜைத்தூன் மாமி நிமிர்ந்தாள். "எங்கெங்கன்னா? காலேஜு மட்டும் இல்லியா?"

அக்பர் அலி மருமகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லத் தயாராக நின்றாள். மூன்று வீட்டுப் பெண்கள், ஆறு காது. வக்கீல் ஆபீஸ் என்று ஒரு வார்த்தை வந்தால் அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசல் வரை போய்விடும்.

"காலேஜுதான்" என்றார் அக்பர் அலி. "காலேஜு மட்டுந்தான். பொண்ணு படிப்பு அவசியம்னுதான் நேத்து ஹஜ்ரத்தைக் கூட்டியாந்து கேட்டேன். பகல்ல போலாம்னு அவங்களே சொன்னாங்க. இருந்த நாளு இருந்ததுதான். மொதல்லேர்ந்தெல்லாம் ஒண்ணும் வேணாம்."

மெகருன்னிசா வாயைப் பிளந்தாள். ஜைத்தூன் மாமிக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் சட்டம் சொல்கிறவள் அல்லவா, சட்டென்று பக்கம் மாறிக்கொண்டாள். ஹஜ்ரத்தே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன, ஆம்பளை நீங்களே நின்று படிக்க வைக்கும்போது நாங்கள் யார் என்றாள்.

"திங்கக்கெழமை ஒம்போதரைக்குக் கிளாசு மாமா" என்றாள் மாஹிரா. "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். அந்தக் காரையே சொல்லிடுங்க."

இத்தனை பேர் முன்னால் அக்பர் அலியால் 'ஆவட்டும்' என்றுகூடச் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஆகாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "சரி, சொல்றேன்" என்றார்.

மாஹிரா மாமியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "கிளாஸ் நேரத்தைப் போன்ல அனுப்பறேன்னு சொன்னாங்க மாமி." மெகருன்னிசா புருஷனைப் பார்த்தாள், வந்தவர்களைப் பார்த்தாள், பிறகு இடுப்பிலிருந்து கைப்பேசியை உருவிக் கொடுத்தாள். அது அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுவென்று இருந்தது.

மாஹிரா உள்ளறைக்குப் போய் வெள்ளைச் சேலையோடு பாயில் உட்கார்ந்தாள். ஜன்னல் சாத்தியபடிதான் இருந்தது. கண்ணாடி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கூடுதல் தாளின் பாடத்திட்டத்தை மடியில் விரித்தபோது, வாசற்படி இறங்குகிற ஜைத்தூன் மாமியின் குரல் சாத்திய ஜன்னலைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"புள்ள உசுருக்கு ஒத்தப் பைசா வேணான்னு சொன்ன மனுசன். இப்ப மருமவளையும் படிக்க வெக்கிறாரு. இந்த மாதிரி வூடு யாருக்குக் கெடைக்கும், சொல்லு."

மாஹிரா முதல் பக்கத்தைப் புரட்டினாள்.